விலையில்லா மென்பொருளுக்கு ஏன் பணம் கேட்கிறோம்?



நோயாளிகளின் குறிப்புகளைக் கணிப்பொறியில் பதிந்து பாதுகாக்கும் பணிக்காகச் சபைகளை அணுகும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. "அந்த மென்பொருள் இலவசம் என்று நீங்களே சொன்னீர்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் எதற்காகப் பணம்?" இதைக் கேட்கிறவர்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் 30, 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் அவர்களில் அநேகர். ஒரு லேத் இயந்திரத்தை வாங்குவதற்கும், அதைப் பழுதின்றி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கேள்வி நியாயமானது. ஒரே வரியில் பதில் சொல்லக் கூடியதும் அல்ல. ஆகவே இந்த இதழின் பாடப் பகுதியை அதற்கென்றே எடுத்துக்கொள்கிறோம்.

குறிப்பு எத்தனை காலம் இருக்க வேண்டும்?

முதலாவது, நோயாளியின் குறிப்பு எதற்காக என்பதைப் பார்ப்போம். பூவிருந்தவல்லியிலிருந்து ஒரு தாய் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "ஏம்மா, பிள்ளைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று நர்ஸ் கேட்கிறார். "போன வருஷம் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சிடுச்சு சிஸ்டர், பேரு ஞாபகமில்லை" என்கிறார் தாய். அந்த ஊசி பெனிசிலினாக இருந்து, அது தெரியாமல் மறுபடியும் போடப்பட்டால், உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய குறிப்பு கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரத்த வகை நெகட்டிவ் ஆன தாய்க்கு முதல் பிரசவத்தில் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்பது அடுத்த கர்ப்பத்தில் தெரிந்தாக வேண்டும். அது மூன்று வருஷம் கழித்தும் வரலாம், எட்டு வருஷம் கழித்தும் வரலாம். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியவர் நான்காம் மாதத்தில் நிறுத்தினாரா என்பதும், சர்க்கரை நோயாளிக்குச் சென்ற ஆண்டு சிறுநீரகப் பரிசோதனை எப்படி இருந்தது என்பதும் இப்படிப்பட்டவையே. நமது பகுதியில் இது இன்னும் கடினம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த வாலிபர்கள் அறையை மாற்றுகிறார்கள், தொலைபேசி எண்ணை மாற்றுகிறார்கள். நம் ஜனங்களும் பழைய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வருகிறார்கள். மழையில் நனைந்தால் மை கலைந்து போகிறது.

1956-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்கீழ் 2002-இல் வந்த நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னன. சட்டம் கேட்பது அவ்வளவுதான். மருத்துவத்துக்குத் தேவைப்படுவதோ ஓர் ஆயுள்காலம். கணிப்பொறியின் ஆயுளோ ஐந்து, ஆறு வருஷம். அதற்குள் ஓடும் மென்பொருளின் ஒரு பதிப்புக்கு அதைவிடக் குறைந்த ஆயுளும் உண்டு. ஐந்து வருஷப் பொருளுக்குள் ஐம்பது வருஷக் குறிப்பை வைத்துக் காப்பது எப்படி என்பதுதான் நம்முடைய பாடத்தின் மையம்.

இலவசம் என்பதன் பொருள்

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல் ஒரு திட்டத்தை அறிவித்தார். அவர் எழுதும் மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் செய்முறையைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பதே அது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்னும் கருவும் இந்த முயற்சியோடு சேர்ந்தது. இன்று நாம் லினக்ஸ் என்று சொல்லும் இயங்குதளம் இவ்விதமாக உண்டானது. தமிழில் இவ்வகை மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். 'இலவச' என்ற சொல்லைவிட இது சரியான சொல் என்பது எங்கள் எண்ணம். கட்டு இல்லை என்பதுதான் முக்கியம், காசு இல்லை என்பது பிறகுதான்.

நமக்கு இது எட்டாத தூரத்து விஷயமும் அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும்படி செய்யப்பட்டது. அது டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. டெபியனைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

கட்டு இல்லாதிருப்பதன் மதிப்பை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்திடம் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் சில ஆயிரம் நோயாளிகளின் குறிப்புகள் பதியப்பட்டிருந்தன. அந்த நிறுவனம் மூடப்பட்டது. பழைய கணிப்பொறி பழுதானபோது, புதியதில் அந்த மென்பொருளை ஏற்ற உரிமச் சாவி கொடுப்பாரில்லை. குறிப்புகள் வட்டில் பத்திரமாகவே இருந்தன, ஆனால் வாசிக்க வழியில்லை. காகிதத்தில் இருந்தவற்றை மறுபடியும் கையால் பதிந்தார்கள். மற்றவை போயின. கட்டற்ற மென்பொருளில் இப்படி நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்த வழி திறந்திருக்கிறது.

கிடங்கும் முத்திரையும்

மருந்து நம் மருத்துவமனைக்கு எப்படி வருகிறது? தயாரித்த இடத்தில் பரிசோதனை நடக்கிறது. அட்டையில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிடப்படுகின்றன. முத்திரை உடையாத பெட்டியாக மொத்த வியாபாரியிடம் வந்து, பிறகு நமது மருந்தகத்தின் அலமாரிக்கு வருகிறது. வழியில் கிடைத்த மாத்திரையை யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை. லினக்ஸில் மென்பொருள் வரும் வழியும் ஏறக்குறைய இதுதான். இணையத்தில் கண்ட இடத்திலிருந்து இறக்கி ஏற்றுவது அங்கே வழக்கமில்லை, இருக்கவும் கூடாது.

டெபியன் 1993-இல் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களுடைய கிடங்கில் 60,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உண்டு. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் இருக்கிறார், பதிப்பு எண் இருக்கிறது, 'நான் வேலை செய்ய இன்னின்ன பொதிகள் வேண்டும்' என்ற குறிப்பும் உள்ளே இருக்கிறது. கிடங்கின் பட்டியலில் கணித முறையிலான ஒரு கையொப்பம் இடப்படுகிறது. நமது கணிப்பொறி பொதியை இறக்கியவுடன் அந்தக் கையொப்பத்தையும், பொதியின் ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிப் பார்த்து வரும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுகிறது. வழியில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் ஏற்க மறுக்கிறது.

2002-இல் ஆண்ட்ரியாஸ் டில்லே என்னும் ஜெர்மானியர் டெபியனுக்குள் மருத்துவத்துக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். டெபியன் மெட் என்பது அதன் பெயர். ஆய்வகம், எக்ஸ்ரே படங்கள், மருத்துவரின் அன்றாடப் பணி என்று துறைவாரியாகப் பொதிகளைக் கூட்டி, ஒரே கட்டளையில் ஒரு துறைக்கு வேண்டியவை எல்லாம் வந்து சேரும்படி செய்தார்கள். இதன் அருமை வெளியில் தெரியாது. ஒரு டாக்டர் தம் ஓய்வு நேரத்தில் எழுதிய நல்ல மென்பொருள் அவர் கணிப்பொறியோடு நின்றுவிடுவது சகஜம். அதை எங்கேயும் ஏற்றக்கூடிய பொதியாகக் கட்டி, பிற பொதிகளோடு மோதாமல் பார்த்து, பிழை வந்தால் திருத்தித் தருவது வேறொரு ஊழியம். எழுதியவருக்குக் கிடைக்கும் பெயர் கட்டியவருக்குக் கிடைப்பதில்லை.

டெபியனில் மூன்று படிகள் உள்ளன. புதிய பொதி முதலில் நிலையற்ற பகுதிக்குப் போகும். சில நாட்கள் குறையில்லாமல் ஓடினால் சோதனைப் பகுதிக்கு வரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைப் பகுதி உறைய வைக்கப்பட்டு, நிலையான பதிப்பாக வெளியாகும். (இந்தப் பதிப்புகளுக்கு ஒரு குழந்தைகள் திரைப்படத்தின் பொம்மைகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். நிலையற்ற பகுதிக்கு மட்டும், அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர். தன்னார்வலர்களுக்கும் நகைச்சுவை உண்டு.) மருத்துவமனைக்கு ஏற்றது நிலையான பதிப்பு மட்டுமே. புதியது வந்துவிட்டது என்று ஓடக் கூடாது.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஒரு சாட்சி. எக்ஸ்-இசட் என்னும் சிறிய கருவி கோப்புகளைச் சுருக்கப் பயன்படுவது. அநேகமாக எல்லா லினக்ஸ் கணிப்பொறிகளிலும் அது இருக்கும். அதைப் பராமரித்தவர்களின் நம்பிக்கையைப் பல மாதங்களாகச் சம்பாதித்த ஒருவர், அதற்குள் திருட்டு வாசல் ஒன்றை மறைத்து வைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயின்ட் என்ற பொறியாளர், தம் கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். கெட்ட பொதி டெபியனின் நிலையற்ற பகுதிக்கும் சோதனைப் பகுதிக்கும் வந்திருந்தது. நிலையான பதிப்பை அது எட்டவில்லை. செய்முறை எல்லாருக்கும் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. அதே சமயத்தில், உலகமே சாய்ந்திருந்த ஒரு கருவியைச் சம்பளமில்லாத ஒருவர், களைத்துப்போன நிலையில், பராமரித்து வந்தார் என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. நம்முடைய பாடத்துக்கு இந்த இரண்டாவது செய்தியே அதிகம் பொருந்துகிறது.

புதுப்பித்தலில் இரண்டு விதம்

புதுப்பித்தல் என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு வழங்குகிறோம். பிழைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைக்கும் சிறு திருத்தம் ஒன்று. இது அடிக்கடி வரும், தாமதிக்கக் கூடாது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது மற்றொன்று. இதில் குறிப்புகள் வைக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தின் அமைப்பே மாறக்கூடும். முன்பு ஒவ்வாமை என்பது ஒரே கட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், புதிய பதிப்பில் மருந்தின் பெயருக்கு ஒரு கட்டமும், விளைவுக்கு ஒரு கட்டமும், தேதிக்கு ஒரு கட்டமும் இருக்கலாம். பழைய வரிகள் சரியான கட்டங்களில் போய் விழ வேண்டும். விழாவிட்டால் கணிப்பொறி நிற்காது, எச்சரிக்கையும் வராது. மேலே சொன்ன பிள்ளையின் பக்கத்தில் ஒவ்வாமைக் கட்டம் வெறுமையாக இருக்கும். அவ்வளவுதான்.

இந்த அபாயத்தை உணர்ந்து எழுதப்பட்ட ஒரு மென்பொருளை இங்கே குறிப்பிட வேண்டும். குனுமெட் என்பது தனி மருத்துவர்களின் மருத்துவகங்களுக்கானது. ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஹார்ஸ்ட் ஹெர்ப் தொடங்கினார். பின்பு ஜெர்மனியில் கார்ஸ்டன் ஹில்பர்ட் முன்னின்று நடத்தினார். டெபியன் மெட் வழியாகவும் அது விநியோகிக்கப்பட்டது. அதன் குறிப்புகள் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் தங்குகின்றன. பதிப்பு மாறும்போது அது பழைய தரவுத்தளத்தில் கை வைப்பதில்லை. முதலில் அதை முழுவதுமாகப் பிரதி எடுத்து, பிரதியைத்தான் புதிய அமைப்புக்கு மாற்றுகிறது. மாற்றி முடித்தபின் பழையதில் எத்தனை நோயாளிகள், புதியதில் எத்தனை நோயாளிகள் என்று எண்ணி ஒப்பிடுகிறது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மாற்றம் தோல்வி என்று சொல்லி நின்றுவிடுகிறது. பழையது தொடப்படாமல் அப்படியே இருப்பதால், மறுநாள் காலை அதையே வைத்து வேலையைத் தொடங்கலாம். மருத்துவரின் மேஜையில் இருக்கும் நிரலும், தரவுத்தளத்தின் அமைப்பு தனக்குப் பொருந்தியதுதானா என்று சோதித்த பிறகே தடையின்றிப் பணியாற்றுகிறது.

இறையியல் கல்லூரியில் வேதப் பிரதிகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மாசொரெத்தியர் என்னும் யூத வேதபாரகர்கள் பிரதி எடுத்தபின் வசனங்களையும் சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணிக் குறித்து வைத்தார்கள். தேய்ந்த சுருளில் இருப்பதைப் புதிய தோலுக்கு மாற்றும்போது ஒன்றும் குறையக் கூடாது என்ற அதே பயம் இங்கேயும் வேலை செய்கிறது.

கனியாரியின் அனுபவம்

இனி நம் நாட்டில் நடந்த ஒரு காரியத்துக்கு வருவோம். சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரி என்னும் கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பு மருத்துவமனை நடத்துகிறது. டில்லி எய்ம்ஸில் படித்த மருத்துவர்கள் சிலர், 1990-களின் இறுதியில், ஏழைகளான ஆதிவாசி மக்களுக்காக அங்கே சென்று தொடங்கியது. கூட்டம் பெருகியபோது காகிதக் குறிப்புகளைத் தேடி எடுப்பதே பெரும்பாடாயிற்று. பெங்களூரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவர்களோடு சேர்ந்து பாஹ்ம்னி என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கி 2013-இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து, இணையம் துண்டிக்கப்பட்டாலும் வேலை நடக்கும்படி அதை அமைத்தார்கள்.

பாஹ்ம்னியை அவர்கள் ஒன்றுமில்லாமையிலிருந்து எழுதவில்லை. நோயாளியின் குறிப்புக்கு ஓபன்எம்ஆர்எஸ். அது 2004-இல் அமெரிக்காவில் தொடங்கி, கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக வளர்ந்தது. ஆய்வகத்துக்கு ஓபன்எலிஸ். அது அமெரிக்காவின் பொதுச் சுகாதார ஆய்வகங்களுக்காகப் பிறந்தது. பில்லுக்கும் மருந்துக் கையிருப்புக்கும் பெல்ஜியம் நாட்டின் ஓடூ. மூன்றையும் இணைத்து, நோயாளி ஒரு இடத்தில் பதிவானால் மற்ற இரண்டு இடங்களுக்கும் செய்தி போகும்படி செய்தார்கள். இது நாடுகளைக் கடந்த உதவி, பணம் கொடுத்து வாங்க முடியாதது. ஆனாலும் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். மூன்று மென்பொருட்கள், இரண்டு விதமான தரவுத்தளங்கள். ஒன்றின் பதிப்பு மாறினால் மற்றவையும் அதோடு ஒத்துப் போக வேண்டும். ஆய்வக முடிவு ஒரு நோயாளிக்குப் பதிலாக இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

அடியில் இருந்த இயங்குதளம் சென்டாஸ் என்னும் லினக்ஸ். வருஷக்கணக்காகப் பாஹ்ம்னி அதன் பொதிகளாகவே விநியோகிக்கப்பட்டது. சென்டாஸ் 6-க்குத் திருத்தங்கள் வருவது 2020 நவம்பரில் நின்றது. அடுத்த மாதமே, 2029 வரை வரும் என்று எண்ணப்பட்ட சென்டாஸ் 8-ஐ 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. சென்டாஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ஆம் தேதி முடிவு வந்தது. பாஹ்ம்னியை எழுதியவர்களிடம் குற்றமில்லை, பயன்படுத்திய மருத்துவமனைகளிடமும் குற்றமில்லை. ஆயினும் வீடு கட்டிய மனையையே மாற்ற வேண்டி வந்தது.

பாஹ்ம்னி குழுவினர் டாக்கர் என்ற முறைக்கு மாறினார்கள். டிபன் கேரியர் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு நிரலும் அதற்கு வேண்டிய துணைப் பொருட்களும் அடைக்கப்பட்டிருக்கும். எந்த லினக்ஸ் என்றாலும் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுக்குக்குள் இருப்பதும் நாளடைவில் ஊசிப்போகும். அதையும் தேதி பார்த்து மாற்ற வேண்டும். பழைய பதிப்பில் இருக்கும் மருத்துவமனை ஒவ்வொன்றும் தன் தரவுத்தளங்களைப் பிரதி எடுத்து, வேறொரு கணிப்பொறியில் புதிய முறையில் ஏற்றி, சோதித்து, ஒரு குறிப்பிட்ட இரவில் மாற வேண்டும். எங்கோ இருக்கும் குழு இதை நமக்காகச் செய்து தர முடியாது. அவர்கள் வழியையும் கருவியையும் கொடுக்கலாம். அந்த இரவில் விழித்திருக்க வேண்டியவர் நம் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும்.

மாற்றாமலேயே இருந்தால்?

'ஓடுகிற இயந்திரத்தை ஏன் தொட வேண்டும்' என்று சிலர் கேட்பார்கள். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற நாசகார நிரல் உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் சுமார் 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அது விண்டோஸில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. இரண்டு மாதம் யாரும் ஏற்றாத இடங்களில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் வேலை நடந்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைக்கே அந்த நிலை.

லினக்ஸ் என்று பெயர் சொன்னால் இவை அண்டாது என்று நினைப்பது தாயத்துக் கட்டுவதைப் போன்றது. லினக்ஸிலும் ஓட்டைகள் உண்டு. அவை விரைவில் அடைக்கப்படுகின்றன, ஆனால் அடைத்த பொதியை நாம் இறக்கி ஏற்றினால்தான் நமக்குப் பயன். டெபியனின் ஒரு நிலையான பதிப்புக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளும், அதன்பின் நீட்டிப்பாக இரண்டு ஆண்டுகளும் திருத்தங்கள் வருகின்றன. ஐந்து ஆண்டுகளுக்குள் மாறியே ஆக வேண்டும் என்பது கல்லில் எழுதிய கணக்கு.

நமது பகுதியில் இதைச் செய்வது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை உங்களில் பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் சர்வரைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது. பிரதி எடுத்த ஹார்டு டிஸ்க்கை அதே அலமாரியில் பூட்டி வைப்பதும் வீண். ஒரு பிரதி வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில், சங்கேத முறையில் பூட்டப்பட்டு இருக்க வேண்டும். எடுத்த பிரதியை மாதம் ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, நோயாளிகளின் எண்ணிக்கை சரியா, ஐந்தாறு பேருடைய பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணக் கூடாது என்பார்கள் இத்துறையில் அனுபவமுள்ளவர்கள். ஆகவே இரண்டாவது கணிப்பொறி ஆடம்பரமல்ல. புதிய பதிப்பையும் முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்கிறோம்.

பதிப்பு மாற்றத்துக்கு எந்த இரவு என்பதும் சிறிய கேள்வி அல்ல. புறநோயாளிகள் குறைவாக வரும் நாள் ஞாயிறு. கணிப்பொறிப் பிரிவுப் பணியாளர்களும் ஆராதனைக்குப் போக வேண்டியவர்களே. சனிக்கிழமை இரவில் தொடங்கி விடிவதற்குள் முடிக்க முயல்வதே பெரும்பாலும் நடைமுறை. பிரசவ அறைக்கு விடுமுறை கிடையாது. அந்த இரவு முழுவதும் அங்கே காகிதப் படிவங்கள் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். மறுநாள் அவற்றைக் கணிப்பொறியில் பதிய ஒருவர் கூடுதலாக வர வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆள். லினக்ஸும் தரவுத்தளமும் அறிந்த ஒரு தம்பியை நாம் பயிற்றுவிக்கிறோம். இரண்டு வருஷத்தில் பக்கத்திலேயே, அம்பத்தூர் கணினிப் பூங்காவில் உள்ள கம்பெனி ஒன்று மூன்று மடங்கு சம்பளத்தோடு அழைக்கிறது. "ஐயா, வீட்டுல தங்கச்சி கல்யாணம் இருக்கு, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மிஷன் மருத்துவமனை என்பதற்காக ஒருவர் தம் குடும்பத்தின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியல்ல. ஆகவே ஒருவருக்குப் பதில் இருவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். என்ன பொதி, என்ன பதிப்பு, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது, மாற்றும்போது என்ன தடை வந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், அடுத்து வருபவர் வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், எழுதி வைக்க வேண்டும். அந்தச் சம்பளமும் ஓரளவு நியாயமாக இருக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். மென்பொருளின் உரிமத்துக்கு நாம் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. நீங்கள் கொடுப்பது இரண்டாவது கணிப்பொறிக்கு, யூ.பி.எஸ். மின்கலங்களுக்கு, வேறு ஊரில் வைக்கும் பிரதிக்கு, இருவரின் சம்பளத்துக்கு. ஆலயத்தில் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் இறக்கையில் 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதலாம். டியூப்லைட்டில் வெளிச்சம் மறையுமளவுக்குப் பெயர் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறோம். சனிக்கிழமை நள்ளிரவில் ஏற்றப்பட்ட திருத்தத்தின்மேல் பெயர் எழுத இடமில்லை. புதிய கணிப்பொறி வாங்கக் காணிக்கை எளிதில் சேர்கிறது, ஐந்தாம் ஆண்டுப் பராமரிப்புக்குச் சேருவதில்லை என்பது இதனால்தானோ என்று சில வேளை நினைக்கிறோம்.

பெற்றுக்கொள்வதோடு திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஒரு பிழையைக் கண்டால் அதை எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரிவிப்பதும், திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கிக் கொடுப்பதும் பணமில்லாமல் செய்யக்கூடியவை. உங்கள் சபை வாலிபர்களில் பொறியியல் படிக்கிறவர்கள் இதற்கு முன்வரலாம். குறிப்பாக மருந்துச் சீட்டில் 'காலை', 'இரவு', 'சாப்பாட்டுக்குப் பின்' என்பவை நோயாளி வாசிக்கும் எழுத்தில் வர வேண்டும்.

மருத்துவமனைக்கு வரும்போது, நமது மருத்துவமனையானாலும் நீங்கள் தாங்கும் வேறொன்றானாலும், பதிவு அறையில் நின்று தயங்காமல் விசாரியுங்கள். எந்த லினக்ஸ் பதிப்பு, அதற்குத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும், பிரதி எங்கே இருக்கிறது, பிரதியைக் கடைசியாக ஏற்றிப் பார்த்தது எந்தத் தேதி, அன்று எத்தனை பேருடைய பக்கம் திறந்து பார்க்கப்பட்டது. தேதியும் எண்ணிக்கையும் கையொப்பமும் அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.